இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

மழைக்காலத்தில் பசை சீக்கிரம் காயாது. நீதிமன்றக் கட்டடத்தின் பின்புறம், சைக்கிள் கொட்டகையை ஒட்டியிருந்த நூலகத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் பசை காய்ச்சிக்கொண்டிருந்தவளுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மைதாவைக் கட்டி தட்டாமல் கரைத்து, பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் சேர்த்து, மின்னடுப்பில் வைத்துக் கிண்டுவாள். கை கொஞ்சம் சும்மா இருந்தால் போதும், அடிப்பிடித்து அறை முழுக்கக் கருகல் வாடை வந்துவிடும். வக்கீல்கள், குமாஸ்தாக்கள், டீக்கடைக்காரர் உட்பட எல்லோருக்கும் அவள் பசையம்மாதான். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

வேலை இதுதான். சட்டசபையில் ஒரு சட்டத்தைத் திருத்தினால், அதற்காகப் புத்தகத்தை முழுசாக மறுபடி அச்சடிக்க மாட்டார்கள். மாறிய வரிகளை மட்டும் தாளில் அச்சடித்து அனுப்புவார்கள். ஒவ்வொரு துண்டின் தலையிலும் எந்தப் பக்கத்தில் ஒட்ட வேண்டும் என்று எண் இருக்கும். பசையம்மா அவற்றைக் கத்தரித்து, பக்கவாரியாக அடுக்கி, பழைய வரியின் மேல் ஒட்டுவாள். இடது ஓரத்தில் மட்டும்தான் பசை தடவ வேண்டும். பழைய காலத்து வழக்கு ஏதாவது வந்தால், துண்டைத் தூக்கிப் பழைய வரியையும் படிக்கிறாற்போல் இருக்க வேண்டும். கீழ்க்கோர்ட்டு தரைத்தளத்தில், மேல்கோர்ட்டு மாடியில். இரண்டுக்கும் இந்த ஒரு நூலகம்தான். சட்டம் என்ன சொல்கிறது என்று யார் கேட்டாலும் அவள் கைபட்ட பக்கத்தைத்தான் பிரித்தாக வேண்டும்.

அவள் அந்தத் துண்டுகளை ஒருநாளும் படித்ததில்லை. எண்ணைப் பார்ப்பாள், ஒட்டுவாள். படிப்பதற்குத்தான் கறுப்புக் கோட்டு போட்டவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்களே என்று நினைத்துக்கொள்வாள். அந்த நினைப்புத்தான் பிறகு அவளைப் போட்டு வதைத்தது.

அவளும் அக்காவும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அக்கா தையல்காரி. முன்னறையில் இரண்டு தையல் மெஷின், பின்னால் ஒரு படுக்கையறை, சமையலறை. பத்தொன்பது வருஷமாக அந்த வீடுதான். வாடகைச்சீட்டு அத்தான் பெயரில் இருந்தது. அத்தான் கப்பலில் சமையல்காரர். போனால் எட்டு மாசம் கழித்து வருவார், வந்தால் ரெண்டு மாசம் தூங்குவார். போன வருஷம் எங்கோ ஒரு துறைமுகத்து ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். காரியம் முடிந்து மூன்றாம் வாரம் வீட்டுக்காரர் நோட்டீஸ் அனுப்பிவிட்டார். வீட்டை இடித்துவிட்டுக் கிடங்கு கட்டப் போகிறாராம். மனுஷனுக்குத் துக்கம் கேட்கக்கூட நேரமில்லை, இடிக்க மட்டும் அவ்வளவு அவசரம்.

குடித்தனச் சட்டம் என்று ஒன்று இருந்தது. வாடகைக்கு எடுத்தவர் இறந்தால், இறக்கும்போது அவரோடு சேர்ந்து குடியிருந்த மனைவிக்கு அந்தக் குடித்தனம் தொடரும், அவளை வெளியேற்ற முடியாது என்று அது சொன்னது. அதை நம்பித்தான் அக்கா கோர்ட்டுக்குப் போனாள். அங்கே வீட்டுக்காரரின் வக்கீல் எழுந்து ஒரு பழைய தீர்ப்பை வாசித்தார். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் மாடியில் சொன்ன தீர்ப்பு. சுரங்கத்தில் வேலை பார்த்த ஒருவர் பதினொரு மாசம் ஊர்ப்பக்கமே வராமல் அங்கேயே இறந்துபோனார். ஆகவே இறக்கும்போது அவர் அந்த வீட்டில் குடியிருக்கவில்லை. ஆகவே அவர் மனைவி அவரோடு சேர்ந்து குடியிருந்ததாகச் சொல்ல முடியாது. ஆகவே வீட்டைக் காலி செய்ய வேண்டியது. மூன்று ஆகவேயில் ஒரு பெண்பிள்ளையைத் தெருவில் நிறுத்தியிருந்தார்கள்.

விசாரணையை ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள். வெளியே வராந்தாவில் மழைச்சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அக்காவின் வக்கீல் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே தேடுகிற ஆள். கண்ணாடி வக்கீல் என்றுதான் பெயர்.

"என்னங்கய்யா இது?" என்றாள் அக்கா. "யாரோ சுரங்கத்துல செத்துப்போனதுக்கும் என் வீட்டுக்கும் என்ன சம்பந்தம்? அந்தம்மா முகத்தைக்கூட நான் பார்த்ததில்ல."

"சம்பந்தம் இருக்கும்மா. ஒரு சட்டத்துக்கு இதுதான் அர்த்தம்னு மாடியில ஒரு தடவை சொல்லிட்டா, அதே மாதிரி வர்ற எல்லா கேஸுக்கும் கீழ்க்கோர்ட்டு அதைத்தான் பின்பத்தணும். ஆளுக்கு ஒரு நியாயம் சொல்லிடக்கூடாதுன்னுதான் இந்த ஏற்பாடு."

"ரொம்ப நல்ல ஏற்பாடு. ஒருத்திக்கு அநியாயம் பண்ணியாச்சுன்னா, பாரபட்சம் இல்லாம எல்லாருக்கும் பண்ணிடணும். அப்படித்தானே?"

கண்ணாடி வக்கீல் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"அப்போ அதை யாரும் மாத்தவே முடியாதாய்யா?" என்று பசையம்மா கேட்டாள்.

"ஏன் முடியாது? மாடியிலேயே இன்னும் பெரிய அமர்வு உட்கார்ந்தா மாத்தலாம். சட்டசபை சட்டத்தையே மாத்திட்டா, மாடியில இருக்கிறவங்களும் வாயை மூடிக்கிட்டு கேட்டுத்தான் ஆகணும். ஆனா அந்தப் பிரிவை யாரும் மாத்தலையே. நானே புத்தகத்தைப் பார்த்தேன்."

மாத்தலையே என்று அவர் சொன்னதும் பசையம்மாவுக்கு என்னவோ உறுத்தியது. நாலு மழைக்காலத்துக்கு முன்னால், குடித்தனச் சட்டம் என்று தலைப்புப் போட்ட தாள் ஒன்றை வெட்டிய ஞாபகம். ஒன்று அகலமான துண்டு, இன்னொன்று மூணே வரியில் பொடித்துண்டு. பொடித்துண்டை வெட்டும்போது கத்தரி கோணலாகப் போய்விட்டது, அதனால்தான் நினைவிருந்தது.

மறுநாள் காலையில் அறையைத் திறந்ததும் முதல் வேலையாக அந்தப் புத்தகத்தை எடுத்தாள். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். அகலமான துண்டு ஒட்டியிருந்தது, பொடித்துண்டைக் காணோம். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அந்தப் பக்கத்தைப் பிடித்து விரல்களைத் துண்டின் மேல் மெல்ல நகர்த்தினாள். இருபத்திரண்டு வருஷம் தாளைத் தொட்ட விரல் பொய் சொல்லாது. நடுவில் ஓர் இடத்தில் தடித்திருந்தது. அங்கே ரெண்டு தாளின் கனம் இருந்தது.

கெட்டிலில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்து, ஆவி வரும் மூக்கின் எதிரே பக்கத்தைப் பிடித்தாள். பசை இளகி, துண்டு மெதுவாக வந்தது. அதன் முதுகில், கோணல் வெட்டோடு, மூன்று வரி ஒட்டிக்கொண்டிருந்தது. நாலு வருஷமாக வெளிச்சம் படாமல் கிடந்த அந்தத் துண்டை முதல்தடவையாக எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"விளக்கம்: வேலையின் பொருட்டோ சிகிச்சையின் பொருட்டோ வாடகைதாரர் வீட்டில் இல்லாதிருந்த காலமும், அவர் அவ்வீட்டில் குடியிருந்த காலமாகவே கொள்ளப்படும்."

அந்த மழைக்காலம் அவளுக்கு அப்படியே கண்முன்னால் வந்தது. முந்நூற்று நாற்பது துண்டுகள். அடுத்த வாரம் மேலதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்று நூலகர் தலைமேல் நின்றார். ஓரப்பசை ஈரத்தில் நிற்கவில்லை, துண்டுகள் கழன்று கழன்று விழுந்தன. முழுக்கத் தடவி ஒட்டித் தொலை, யார் தூக்கிப் பார்க்கப் போகிறார்கள் என்று அவர்தான் சொன்னார். பசை தடவி அடுக்கிவைத்ததில் பொடித்துண்டு அகலத்துண்டின் முதுகில் ஒட்டிக்கொண்டு, இரண்டும் ஒன்றாகக் கைக்கு வந்திருக்கிறது. பட்டியலில் பக்க எண்ணுக்கு நேரே டிக் போடுவதுதான் வழக்கம். இரண்டுக்கும் ஒரே பக்கம். ஒரே டிக்.

நூலகர் வந்ததும் துண்டைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்து விஷயத்தைச் சொன்னாள். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இன்னும் இல்ல சார்."

"சொல்லாதே. பேசாம இப்போ ஒழுங்கா ஒட்டி வெச்சிடு. வக்கீல் மறுபடி வந்து பார்த்தா, முதல்லயே இருந்ததுன்னு நினைச்சுக்குவார். உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது. நான் ரிட்டையராக இன்னும் ஒன்றரை வருஷம்தான் இருக்கு."

"சுரங்கத்துக்காரர் கேஸை இந்தப் புத்தகத்தை வெச்சுத்தானே சார் முடிச்சாங்க? அந்தம்மா வீடு போச்சே?"

"போனது போச்சு. நீ என்ன கோர்ட்டா? நீ பசை காய்ச்சுறவ."

பசையம்மாவுக்கு ஆத்திரத்தில் காது சுட்டது. பசை காய்ச்சுகிறவளின் தப்பு ஒரு வீட்டைக் காலி பண்ணுகிற அளவுக்குப் பெரிசாக இருக்கலாம், அதைச் சொல்கிற அளவுக்கு மட்டும் அவள் பெரிய ஆள் இல்லையாம். துண்டைக் கைக்குட்டையில் வைத்து மடித்து எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்துபோட்டுவிட்டு, கண்ணாடி வக்கீலைத் தேடிப் போனாள்.

சாயங்காலம் வீட்டில் அக்கா பள்ளிச் சீருடைக்குப் பட்டன் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் சோறு கொதித்தது. தொட்டுக்கொள்ள ரெண்டு முட்டை வெந்துகொண்டிருந்தது. பசையம்மா நனைந்த செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஊசி நின்றது.

"உன் கையாலயா?" என்றாள் அக்கா.

"ஆமா."

"என் வீட்டுல உட்கார்ந்து என் சோத்தைத் தின்னுட்டு, என் வீட்டையே ஒட்டி மூடிட்டு வந்தியா?"

"அக்கா..."

"பேசாதே. கொஞ்ச நேரம் பேசாதே." அக்கா மெஷினை ஓட்டினாள். ஒரு சட்டைக்கான காஜா முழுவதும் முடிந்த பிறகுதான் நிமிர்ந்தாள். "சரி, நீ ஒட்டினே. படிச்சவன் எவனும் இல்லையா அந்தக் கட்டடத்துல? சட்டம் மாறினது உன் பசைக்கு மட்டும்தான் தெரியுமா? வா, வந்து சாப்பிடு. முட்டையை நீயே உரிச்சுக்கோ, எனக்குக் கோபம் இன்னும் போகல."

அடுத்த வாரம் கீழ்க்கோர்ட்டில் கண்ணாடி வக்கீல் துண்டையும், அந்தத் திருத்தம் வெளியான அசல் அரசு கெஜட்டையும் நீட்டினார். நீதிபதி வயதானவர், நல்ல மனுஷர் என்று பெயரெடுத்தவர். இரண்டு முறை படித்தார். பிறகு சுரங்கத் தீர்ப்பைப் படித்தார்.

"சட்டம் தெளிவாகத்தான் இருக்கு," என்றார். "ஆனா மாடியில தீர்ப்புச் சொன்னது இந்தத் திருத்தம் வந்ததுக்கு அப்புறம். அவங்க இதைப் பார்க்காம சொல்லிட்டாங்கன்னு நான் எப்படிச் சொல்றது? மேல இருக்கிறவங்க படிச்சாங்களா இல்லையான்னு கீழ இருக்கிறவன் கேட்க முடியாது. அதை அவங்களேதான் சொல்லிக்கணும். நான் கட்டுப்பட்டவன். வீட்டைக் காலி செய்யணும். மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் தர்றேன், அதுவரை யாரும் கைவைக்கக் கூடாது."

அக்கா கூண்டுக்கு அருகிலிருந்தே கேட்டாள். "ஐயா, உங்களுக்கு இது தப்புன்னு தெரியுதா இல்லையா?"

டவாலிச் சேவகன் உஷ் என்றான். நீதிபதி கண்ணாடியைத் துடைத்தார். தெரிந்திருந்தது. தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டார். நல்ல மனுஷர் என்று பெயரெடுப்பதற்கு நல்லது செய்ய வேண்டுமென்ற கட்டாயமில்லை போலிருக்கிறது.

மேல்முறையீடு போட்டார்கள். முன்பு தீர்ப்புச் சொன்னது இரண்டு நீதிபதிகள் என்பதால் இந்த முறை மூன்று பேர் உட்கார்ந்தார்கள். முடிவு வரும் நாளில் அக்கா தைக்க வந்த துணிகளையெல்லாம் மூட்டை கட்டி, மெஷின் மேல் துணி போர்த்தி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். தோற்றால் அப்படியே தூக்குவதற்கு வசதியாக. மாடியில் ஜன்னல்களைச் சாத்தியும் மழைச்சத்தம் கேட்டது. நடுவில் இருந்தவர் வாசித்தார்: முந்தைய தீர்ப்பு, நடப்பிலிருந்த திருத்தம் கவனத்துக்கு வராமலே சொல்லப்பட்டது, அப்படிச் சொல்லப்பட்டது யாரையும் கட்டுப்படுத்தாது, இனி அதைப் பின்பற்ற வேண்டியதில்லை, தையல்காரப் பெண்மணியின் குடித்தனம் தொடரும்.

அக்கா தங்கையின் தோளைப் பிடித்து உலுக்கினாள், அழுதாள், வக்கீலுக்குக் கும்பிடு போட்டாள். அன்று மத்தியானமே மெஷின் மேலிருந்த துணியை எடுத்துவிட்டாள். கண்ணாடி வக்கீலுக்கு ஒரு புதுக் கோட்டு தைத்துத் தருவதாகவும், உள்பக்கம் கண்ணாடிக்கென்றே ஒரு பை வைப்பதாகவும் சொன்னாள்.

பசையம்மாவுக்கு மூன்றாம் நாள் மெமோ வந்தது. கடமையில் கவனக்குறைவு. பதிவாளர் மேஜைக்கு எதிரே நிறுத்திவைத்து விளக்கம் கேட்டார்கள்.

"ஒட்டினது தப்பு, ஒத்துக்கிறேன். கையெழுத்தும் போடுறேன்," என்றாள். "ஒண்ணே ஒண்ணு கேட்கணும் சார். சுரங்கத்துக்காரர் கேஸுல ரெண்டு பக்கமும் ரெண்டு வக்கீல், மேல ரெண்டு ஜட்ஜு. நாலு பேருக்கும் வாராவாரம் கெஜட்டு வருது. வருஷக் கடைசியில அத்தனையும் பைண்டிங்குக்கு என்கிட்டத்தான் வருது. கட்டின கயிறு கட்டினபடியே வருது சார், பிரிக்காம. ஒட்டத் தெரியாதவளுக்கு ஒரு மெமோ சரி. படிக்காதவங்களோட மெமோ எங்க?"

"ஜட்ஜுங்களுக்கெல்லாம் மெமோ கிடையாதும்மா."

"தெரியும் சார். தெரிஞ்சுதான் கேட்டேன்."

கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். ஜெயித்த மாதிரி இருந்தது. நாக்கில் இன்னும் சூடு இருந்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள் சுரங்கத்துக்காரர் மனைவியைப் பார்த்து விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று தீர்ப்பின் நகலை வாங்கிக்கொண்டு கிளம்பினாள். அந்தம்மா ஒரு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பதாகக் கண்ணாடி வக்கீலின் குமாஸ்தா விசாரித்துச் சொல்லியிருந்தார்.

சலவைக்கூடத்தில் நின்றால் வியர்த்துக் கொட்டியது. பெரிய உருளைகளுக்கிடையே ஈரப் படுக்கைவிரிப்புகள் போய்க் காய்ந்து வெளியே வந்துகொண்டிருந்தன. மெலிந்த ஒரு பெண்மணி அவற்றின் முனையைப் பிடித்து இழுத்து மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். கை நிற்காமலே கேட்டுக்கொண்டாள். உங்கள் தீர்ப்பு தப்பென்று மாடியிலேயே சொல்லிவிட்டார்கள் என்றதும் ஒரு விரிப்பு கைநழுவித் தரையில் விழுந்தது.

"நிஜமாவா? தப்புன்னு அவங்களே சொன்னாங்களா?"

"எழுதியே குடுத்திருக்காங்கம்மா. பாருங்க."

அந்தம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நகலை வாங்கினாள். "அப்போ நான் எப்போ வீட்டுக்குப் போகலாம்? இப்போ தம்பி வீட்டுல, மாடிப்படிக்குக் கீழ படுத்துக்கிறேன். பொம்பளப் பிள்ளையை ஹாஸ்டல்ல விட்டிருக்கேன். எந்தத் தேதின்னு போட்டிருக்கா?"

பசையம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தக் கேள்விக்கு வக்கீலிடம் பதில் கேட்டுத்தான் வைத்திருந்தாள். அதை வாயால் சொல்ல வேண்டிவரும் என்று மட்டும் யோசிக்கவில்லை.

"உங்க கேஸ் முடிஞ்சுபோச்சும்மா. மேல போறதுக்குக் குடுத்த நாளும் முடிஞ்சுபோச்சு. இனிமே வர்றவங்களுக்குத்தான் இது. முடிஞ்ச கேஸைத் திறந்தா முடிவே இருக்காதுன்னு..."

"தப்புன்னு தெரிஞ்சும்?"

"தெரிஞ்சும்."

"அப்போ எதுக்கு வந்தே?"

"தப்பு என்னோடதும்மா. நான்தான் ஒட்டுறவ. நேர்ல சொல்லணும்னு தோணிச்சு." துண்டு, பசை, மழை, ஒரே டிக் எல்லாவற்றையும் சொன்னாள். விரலால் தடவிப் பார்த்தபோது பக்கம் தடித்திருந்ததைச் சொன்னாள். தைரியமாக எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டோம் என்ற நினைப்பு அப்போதும் ஓரத்தில் இருந்தது.

அந்தம்மா குனிந்து விழுந்த விரிப்பை எடுத்தாள். அழுக்காகிவிட்டதா என்று திருப்பிப் பார்த்தாள்.

"உன் அக்கா வீடு போகுதுன்னதும் தடவிப் பார்த்தே," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "என் கேஸ் எட்டு மாசம் நடந்துச்சு. நான் அந்த வராந்தாவுலதான் உட்கார்ந்திருப்பேன். நீ பசைச்சட்டியைத் தூக்கிட்டு என்னைத் தாண்டித் தாண்டிப் போவே, எனக்கு ஞாபகம் இருக்கு. அப்போ அந்தப் பக்கம் மெல்லிசாவா இருந்துச்சு?"

அந்தம்மா நகலை நாலாக மடித்துப் பசையம்மாவின் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த விரிப்பின் முனையைப் பிடித்தாள்.

மறுநாள் காலை நூலகர் வருவதற்கு முன்பே பசையம்மா அறையைத் திறந்துவிட்டாள். தீர்ப்புப் புத்தகத்தில் ஒட்டுவதற்குப் புதுத் துண்டு மேஜையில் கிடந்தது: சுரங்கத்துக்காரர் மனைவியின் வழக்கு, இனிப் பின்பற்றத்தக்கதல்ல. அந்தம்மாவின் பெயரும் ஊரும் அந்தப் பக்கத்தின் தலையில் பெரிய எழுத்தில் இருந்தன. அவள் பெயராலேயே எல்லோரும் அந்தத் தப்பைக் குறிப்பிடுவார்கள். ஓரத்தில் மட்டும் பசை தொட்டு ஒட்டினாள். தூக்கிப் பார்த்தால் அவளை என்ன செய்தார்கள் என்று ஒரு வரி விடாமல் தெரிந்தது.

பிறகு அந்த மழைக்காலத்துப் புத்தகங்களை அலமாரியிலிருந்து இறக்கினாள். முந்நூற்று நாற்பது துண்டுகள். மெமோ எழுதியவரோ, மூன்று நீதிபதிகளோ, நூலகரோ, மீதியையும் பார் என்று யாரும் சொல்லவில்லை. எவருக்கும் தோன்றவுமில்லை. ஒவ்வொரு பக்கமாகக் கண்ணை மூடி, இரண்டு விரலால் பிடித்துத் தடவிக்கொண்டே போனாள். கோர்ட்டு கூடுவதற்கான மணி அடித்தது. வராந்தாவில் ஆட்கள் வந்து உட்காரும் சத்தம் கேட்டது.

மூன்றாவது புத்தகத்தில், நூற்று நாற்பத்தொன்றாம் பக்கத்தில், விரல் நின்றது. மறுபடி தடவினாள். தடித்திருந்தது.

இந்த முறை துண்டைப் பிரிப்பதற்கு முன்பே, அது என்ன சட்டம் என்று பக்கத்தின் தலைப்பைப் படித்தாள். தாய் தகப்பன் பிரிந்தால் குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்கிற சட்டம். அவள் எழுந்து கெட்டிலில் தண்ணீர் ஊற்றினாள்.